கணக்கில் மட்டும் பிழைத்த வாத்துகள்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. வயிற்றைக் குமட்டும் கதை ஒன்று சொல்லப் போகிறேன். மூக்கைப் பொத்திக்கொண்டாவது கேளுங்கள்.

பறவைகளைக் கணக்கெடுக்கும் அரசு அலுவலகத்தில் ஒருத்தி இருந்தாள். எல்லோருக்கும் அவள் வளையக்காரி. கோடையில் வலசை வாத்துகளைப் பிடித்து, காலில் எண் போட்ட வளையம் மாட்டி விடுவாள். சுட்ட வாத்தின் வளையத்தை வேட்டைக்காரர்கள் உறையில் போட்டு அவளுக்கு அனுப்ப வேண்டும். எத்தனை செத்தன, எத்தனை பிழைத்தன என்று அதை வைத்துத்தான் கணக்கு. ஆளுக்கு எத்தனை சுடலாம் என்பதும் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.

மூன்று வருடமாக உறைகள் குறைந்துகொண்டே வந்தன. வாத்துகள் நன்றாகப் பிழைக்கின்றன என்று அவளும் மனம் குளிர்ந்து எழுதினாள். ஆளுக்கு இரண்டு என்றிருந்தது ஐந்தானது. ஏரியில் வாத்துக் கூட்டமே இல்லையே என்று ஏரிக் காவலர் சொன்னதற்கு, வேறு ஏரிக்குப் போயிருக்கும் என்றுவிட்டாள்.

ஒரு ஞாயிறு மதியம் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா புருஷன்தான் வேட்டைச் சங்கத் தலைவர். கார் கொட்டகையில் வாத்துகள் குவிந்து கிடந்தன. நெஞ்சுக்கறியை மட்டும் அறுத்துக்கொண்டு மீதியை அப்படியே அழுகப் போட்டிருந்தார். ஈ மொய்த்தது. நாற்றம் தொண்டையில் ஒட்டிக்கொண்டது. ஆணியில் ஒரு கயிறு. கயிறு நிறைய அவள் மாட்டிய வளையங்கள். சிலவற்றில் தோல் காய்ந்திருந்தது.

"ஏன் மாமா இதெல்லாம் அனுப்பல?"

அவர் ரத்தக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அனுப்பினா செத்துப்போச்சுன்னு எழுதுவ. அனுப்பலைன்னா உயிரோட இருக்குன்னு எழுதுவ. சங்கத்துல எல்லாருக்கும் நான்தான் சொல்லிவச்சேன். ரெண்டை அஞ்சாக்கினது உன் கைதானே, கொழுந்தியா?"

அவளுக்கு அவரைவிடத் தன் கையைப் பார்க்கத்தான் அருவருப்பாக இருந்தது. கயிற்றைக் கழற்றிப் பையில் போட்டாள். தன் தப்பைத் தானே ஒப்புக்கொள்ளவா போகிறாள் என்று அவர் தடுக்கவில்லை. அக்காதான் வாசல்வரை வந்து அழுதாள். ஆளுக்கு எத்தனை என்று முடிவுசெய்யும் நாளைக் கூட்டத்தில் வாயைத் திறந்தால் அவர் துப்பாக்கி உரிமம் போய்விடும், அப்புறம் உன்னை இந்தப் படி ஏற விடமாட்டார் என்றாள்.

மறுநாள் கூட்டத்தில், ஆளுக்கு ஏழு என்று எழுதிய தாள் கையெழுத்துக்குத் தயாராக இருந்தது. வளையக்காரி அதன்மேல் கயிற்றை வைத்தாள். நாற்றம் தாங்காமல் அதிகாரிகள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார்கள்.

"இதெல்லாம் உயிரோட பறக்குதுன்னு நான் எழுதின வாத்துங்க. என் கணக்கு தப்பு. திருத்துற வரைக்கும் சுடுறத நிறுத்துங்க."

அந்த வருடம் வேட்டை நின்றது. அக்கா வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டது. இன்னும் திறக்கவில்லை.

உங்கள் வீட்டில் கூடப்பிறந்தவர்களுக்குக் கதவு என்றும் திறந்திருக்கட்டும், கண்ணுகளா. உங்கள் அடுப்பில் வேகிற எதுவும் மறைத்துவைக்க வேண்டாததாக இருக்கட்டும். நன்றாக இருங்கள்.