டிராயரில் கிடந்த குழாய்

லேபில் அவருக்குக் கழுகு என்று பெயர். மருந்து கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவுக்குத் தலைவர். ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலும் வாசலில் நின்றே கண்டுபிடித்துவிடுவார் என்பார்கள். அந்தப் பட்டப்பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. வெளியே முறைத்தாலும் உள்ளுக்குள் பெருமைதான்.

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களை முதல் நாளே மேசைக்கு அழைத்து, டிராயரிலிருந்து ஒரு சாண் நீள எஃகுக் குழாயை எடுத்துக் காட்டுவார். "இதைக் கெடுத்தவங்களுக்கு எட்டு வருஷ சர்வீஸ். நல்லா பாத்துக்கங்க" என்பார். மூன்று வருடத்தில் பதினொரு பேர் நல்லா பார்த்துக்கொண்டார்கள்.

குழாய்க்குள் இருப்பது மாவைவிட நைசான சிலிக்காத் தூள். ஒவ்வொரு துகளிலும் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். அவற்றின் சுவரெங்கும் எண்ணெய்த் தன்மையுள்ள கார்பன் சங்கிலிகளை வேதிமுறையில் ஒட்டவைத்திருப்பார்கள். தண்ணீரில் உப்பும் துளி மெத்தனாலும் கலந்து ஓடவிட்டு, அதில் மருந்தைச் செலுத்தினால், சங்கிலிகள் ஒவ்வொரு பொருளையும் கொஞ்ச நேரம் பிடித்துவைத்துப் பிறகு விடும். எது எத்தனையாவது நிமிடம் வெளியே வருகிறது என்று பார்த்தே மாத்திரையின் வண்டவாளத்தைச் சொல்லிவிடலாம்.

அந்த எட்டு வருஷ சர்வீஸ்காரி, மூன்று வருடத்துக்கு முன் ஒரு சாயங்காலம், உப்பு போகட்டும் என்று குழாயை வெறும் தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்தாள். பாதியில் கரண்ட் போய் பம்ப் நின்றது. மறுநாள் ஒன்பதாவது நிமிடம் வர வேண்டிய மருந்து, இரண்டாவது நிமிடமே விழுந்தடித்துக்கொண்டு வெளியே வந்தது. அன்றைக்கென்று பார்த்துத் தணிக்கைக்காரர்கள் பக்கத்தில் நின்றிருந்தார்கள். கழுகுக்கு மானம் போய்விட்டது.

"ஒரு குழாயைக் கழுவக்கூடத் தெரியாதா? உள்ள இருக்கிற தூளையே கெடுத்து வச்சிருக்க!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். அறிக்கையிலும் அப்படியே எழுதினார். மாசக் கடைசியில் மேலிடம் அவளிடம் ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டது.

போன வாரம் அவரே ஒரு குழாயைத் தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்தபோது ஃபியூஸ் போனது. மறுபடி ஓட்டினால் அதே இரண்டாவது நிமிடம். இப்போது கத்தவில்லை. தன் கை பட்டது என்றதும் மனுஷனுக்கு எங்கிருந்துதான் அத்தனை நிதானம் வந்ததோ! கதவைச் சாத்திக்கொண்டு, குழாய் விற்கும் கம்பெனி இன்ஜினீயருக்குப் போன் போட்டார்.

அவன் சிரித்தான். "கெட்டெல்லாம் போகல சார். அந்த எண்ணெய்ச் சங்கிலிக்கும் தண்ணிக்கும் ஆகாதுல்ல? பம்ப் அழுத்தம் போனதும் ஓட்டைக்குள்ள இருந்த தண்ணி வெளிய வந்துடுது. அப்புறம் மருந்தும் உள்ள நுழைய முடியாது, நேரா ஓடிடும். வெறும் மெத்தனாலை விடுங்க, சரியாயிடும்."

சரியாகிவிட்டது. அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. டிராயரைத் திறந்தார். பழைய குழாயின் இரு முனைகளிலும் மூடி அப்படியே இருந்தது. இயந்திரத்தில் மாட்டி மெத்தனால் விட்டார். பிறகு மருந்தைச் செலுத்திவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாவது நிமிடம், மருந்து வெளியே வந்ததைக் காட்டும் கோடு எழும்பியது. எழும்பாமலே இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

மேலிடத்துக்கு உண்மையை எழுதிக் கொடுத்தார். மறுநாள் விலாசம் விசாரித்துக்கொண்டு அவள் கடைக்குப் போனார். அவளும் கணவனுமாக ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார்கள். அவள் எண்ணிக் கொடுத்த தாள்களைக் கணவன் மறுபடி எண்ணிக்கொண்டிருந்தான்.

"தப்பா நினைக்காதீங்க சார், இவதான் எண்ணச் சொல்லுவா" என்றான் அவன். "வீட்டுல கேஸை அணைச்சாக்கூட என்னைக் கூப்பிட்டுக் காட்டுவா. வேலையை விட்டதிலிருந்து இப்படித்தான்."

கழுகு வரைபடத்தை மேசையில் வைத்தார். "அந்தக் குழாய் கெடலம்மா. நீ எதையும் கெடுக்கல. மெத்தனால் விட்டேன், வந்துடுச்சு. நான்தான் அவசரப்பட்டு உன் பேரைக் கெடுத்துட்டேன். என்னை மன்னிச்சிடு. மேலிடத்துல உன்னைத் திரும்ப வேலைக்கு வரச் சொல்றாங்க."

அவள் தாளைக் கையில் எடுத்து, கோட்டின் அடியிலிருந்து உச்சிவரை விரலால் தடவினாள். எட்டு வருடம் அப்படிக் கோடு பார்த்தவள்.

"ரெண்டு லேப்ல கூப்பிட்டாங்க சார். போகல" என்றாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்பிட்டேன். என் கை மேல எனக்கே பயம் வந்துடுச்சு."

அவர் தலை குனிந்தார். திட்டியிருந்தால் தேவலை.

"மெத்தனால் எவ்வளவு நேரம் விட்டீங்க சார்?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. ராத்திரி முழுக்க ஓட்டினேன் என்று சொல்லிவிடலாமா? அன்றைக்கு யாராலும் காப்பாற்றியிருக்க முடியாது என்றாவது அவள் நினைத்துக்கொள்வாளே. ஆனால் அவளிடம் இன்னொரு தப்பான கணக்கைச் சொல்ல நா எழவில்லை.

"இருபது நிமிஷம்மா" என்றார்.