பஞ்சநதம் அழித்த வீடியோ

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒரு ஜூஸ் கடையில் எனக்கு எதிரே உட்கார்ந்து அருள்ஜோதி சொன்னது இது. எங்கோ என் கட்டுரை ஒன்றைப் படித்திருக்கிறார். யாரிடமோ நம்பர் வாங்கி என்னை வரச் சொன்னார். ஆப்களில் நாம் ஏற்றும் படங்களையும் வீடியோக்களையும் சேமித்துவைத்து, கேட்பவர்களுக்கு அனுப்பிக்கொடுக்கும் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. வீட்டிலிருந்தே பார்க்கிறார்.

"பேரெல்லாம் மாத்திக்குங்க சார். ஆனா எங்க அண்ணன் பொண்ணு, அந்தப் பாப்பா எப்படி இருப்பா, அன்னைக்கு என்ன போட்டிருந்தா, அதெல்லாம் ஒரு வரி கூட வரக் கூடாது."

சரி என்றேன். அதனால் குழந்தை வரும் இடங்களில் [ ] இப்படி வெற்று அடைப்புக்குறி இருக்கும். அங்கே ஏதோ எழுதி அழித்திருக்கிறேன் என்று அர்த்தம்.

2

முதல் தொடக்கம்: "பூதலூர் ஸ்டேஷன் மேல் பனி இன்னும் விலகியிருக்கவில்லை. தூரத்தில் ஒரு கொக்கு

[வேண்டாம். பனியைப் பற்றி அருள்ஜோதி எதுவும் சொல்லவில்லை. கொக்கு முழுக்க என் சரக்கு.]

இரண்டாவது தொடக்கம்: "உலகம் முழுவதும் ஒவ்வொரு நொடியும் எத்தனையோ லட்சம் படங்கள்

[இது கட்டுரை. கதை இல்லை.]

ஆகவே நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

அருள்ஜோதியின் அண்ணன் சகாயராஜ், அறுவடை மெஷின் ஓட்டுபவர். சம்பா அறுப்பு நேரம். அவருடைய மனைவி அக்னஸுக்கு இரண்டாவது குழந்தை பிறந்திருந்தது. கோடியக்கரைக்குப் பக்கத்தில் அம்மா வீட்டில் இருந்தார். மூத்த பெண்ணுக்கு நாலு வயது. தம்பியைக் காட்டக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்ததால் சகாயராஜ் வயலிலிருந்து நேராக வந்து, குழந்தையை மட்டும் குளிப்பாட்டித் தயார்செய்து பூதலூர் ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தார். தனக்குக் குளிக்க நேரமில்லை. தலையில் வைக்கோல் தூசி, ஒரு வாரத் தாடி, சேறு காய்ந்த கைலி. பக்கத்தில் குழந்தை [ ].

பிளாட்பாரத்தில் அக்னஸ் வீடியோ கால் போட்டார். குழந்தை அம்மாவைப் பார்த்துச் சிரிக்கும்போதே கால் கட்டாகிவிட்டது. "அம்மா! அம்மா!" என்று கத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தது. அந்த நேரம் பாசஞ்சர் வந்து நின்றது. சகாயராஜ் குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடி ஏறினார்.

ஸ்டேஷனை ஒட்டிப் பெயிண்ட் கடை வைத்திருக்கும் பஞ்சநதம் இதைப் பிளாட்பாரத்தின் மறுமுனையிலிருந்து போனில் எடுத்துவிட்டார். அழுக்கான ஒரு ஆள், வீறிட்டு அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரயிலில் ஏறுகிறான். "பிள்ளை பிடிப்பவன். தஞ்சாவூர் பக்கம் போகிறான். எல்லோருக்கும் பகிருங்கள்" என்று போட்டார்.

3

அருள்ஜோதிக்கு அந்த வீடியோ பழைய ஹாஸ்டல் தோழிகளின் குரூப்பில் வந்தது. யாரோ சிவப்பு அம்புக்குறி போட்டு, பின்னால் திகில் மியூசிக் சேர்த்திருந்தார்கள். அம்புக்குறியின் முனையில் அவர் அண்ணன்.

உடனே அண்ணனைக் கூப்பிட்டார். ஸ்விட்ச் ஆஃப். குழந்தையின் அழுகையை நிறுத்த சகாயராஜ் கார்ட்டூன் போட்டுக் கொடுத்து, அதிலேயே சார்ஜ் தீர்ந்துபோயிருந்தது. இது பிற்பாடுதான் தெரிந்தது.

இந்த இடத்தில் அருள்ஜோதியை நிறுத்தி, ஒரு வீடியோ எப்படிப் பரவும் என்று கேட்டேன். கல்லணையிலிருந்து ஆறு, ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து மடை என்று எழுதிக்கொள்ளலாமா என்றும் கேட்டேன். தஞ்சாவூர்க்காரனுக்கு இதைவிட நல்ல உவமை கிடைக்குமா?

"தப்பு சார். தண்ணி கீழ இறங்கினா மேல குறையும். இது குறையவே குறையாது."

அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். வீடியோவை ஏற்றியதும் அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டுகிறார்கள். நல்ல சிக்னலுக்குத் தெளிவான பிரதி, மோசமான சிக்னலுக்கு மங்கலான பிரதி என்று பல அளவுகளில் செய்து பெரிய கிடங்குகளில் வைக்கிறார்கள். ஒரு பகுதியில் நிறையப் பேர் பார்க்கத் தொடங்கினால், அந்தப் பகுதிக்குப் பக்கமாக இருக்கும் சர்வரிலும் நகல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்து கேட்பவருக்கு அது தூரத்திலிருந்து வர வேண்டியதில்லை. விரலை வைத்ததும் ஓடும்.

"பயந்துபோய் எத்தனை பேர் பார்த்தாங்களோ, அத்தனைக்கத்தனை அது எங்க ஊருக்குக் கிட்ட வந்துகிட்டே இருந்துச்சு சார். நான் தினமும் செய்யற வேலையே அதுதான். சீக்கிரம் போய்ச் சேரணும், நடுவுல நிக்கக் கூடாது."

ஜூஸ் அப்படியே இருந்தது. ஐஸ் கரைந்துவிட்டது.

4

பஞ்சநதத்தை என் முதல் பிரதியில் கெட்டவராக்கியிருந்தேன். வெற்றிலை போடவைத்தேன். கல்லாவில் உட்கார்ந்து லைக் எண்ணவைத்தேன். [ஒரு பாராவையே அடித்தாயிற்று.] ஏனென்றால் அருள்ஜோதி அவரோடு பேசியதைச் சொன்னபோது அந்த மனிதர் அப்படி இல்லை. வீடியோவை முதலில் போட்டவர் யாரென்று அருள்ஜோதி தேடிப் பிடித்தபோது, அந்த ஆப்பில் அவருடைய பக்கத்திலேயே கடை நம்பர் இருந்தது. முதல் மணியிலேயே எடுத்திருக்கிறார்.

"அண்ணே, காலையில ஒரு வீடியோ போட்டீங்கள்ல. அது எங்க அண்ணன். அது அவரோட பொண்ணு."

"என்னம்மா சொல்ற? அந்தப் புள்ள அம்மா அம்மான்னு கதறுச்சும்மா. நானும் ரெண்டு பொம்பளப் புள்ள பெத்தவன்."

"அம்மாவ பாக்கத்தான்ணே போறாங்க. உங்க நம்பருக்குக் குடும்ப போட்டோ அனுப்பியிருக்கேன், பாருங்க."

போட்டோவைத் திறந்து பார்த்தார். பிறகு, "ஐயோ" என்றார். "இரும்மா. அழிச்சிட்டேன். இந்தா, அழிச்சிட்டேன்மா. இனிமே வராதுல்ல?"

"வரும்ணே."

அவர் அழித்தது அவர் போட்ட பதிவை. பக்கத்து சர்வர்களில் இருக்கும் நகல்கள் போக நேரம் ஆகும். அதற்குள் ஆளாளுக்குத் தங்கள் போனில் இறக்கி மறுபடி ஏற்றிவிட்டார்கள். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் ஆப் அதைப் புது வீடியோவாகவே எடுத்துக்கொள்ளும். திரும்ப வெட்டும், திரும்பக் கிடங்கு, திரும்ப நகல். ஒரே வீடியோவைக் கண்டுபிடிக்க ஆப்களிடம் கைரேகை மாதிரி ஒரு வழி இருக்கிறது. ஆனால் ஓரத்தை நறுக்கி, அம்புக்குறி போட்டு, பாட்டைச் சேர்த்துவிட்டால் அந்தக் கைரேகை பல சமயம் ஏமாந்துபோகும். அருள்ஜோதி ஒவ்வொன்றாகப் புகார் கொடுத்துக்கொண்டிருந்தார். கொடுக்கக் கொடுக்க வேறு தலைப்போடு வந்தது.

பஞ்சநதம் தானே முகம் காட்டி, "தப்பாப் போட்டுட்டேன், அவரு அந்தப் புள்ளையோட அப்பா" என்று ஒரு வீடியோ போட்டார். சாயங்காலம் வரை அதைப் பார்த்தவர்கள் அவருடைய சொந்தக்காரர்கள்தான்.

(ஒரு குறிப்பு: அவரை நான் இன்னமும் முழுதாக நம்பவில்லை. உண்மையில் குழந்தைக்காகத்தான் எடுத்தாரா? அருள்ஜோதி நம்புகிறார். அவர் நம்புவதை மாற்ற எனக்கு உரிமை இல்லை.)

அருள்ஜோதி புகார் கொடுத்துக்கொண்டிருந்தபோதே புதிதாக ஒரு போட்டோ வந்தது. தஞ்சாவூரில் ரயிலை விட்டு இறங்கிப் பஸ் மாறியிருந்த சகாயராஜ், மடியில் தூங்கும் குழந்தை. கீழே: "மன்னார்குடி – திருத்துறைப்பூண்டி பஸ்ல உக்காந்திருக்கான். விடாதீங்க."

அருள்ஜோதி திருத்துறைப்பூண்டி போலீசுக்குப் போன் போட்டார்.

5

இனி வருவது கமருன்னிஸா சொல்லி அருள்ஜோதிக்குத் தெரிந்தது. கமருன்னிஸா முத்துப்பேட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர். மன்னார்குடியில் சொந்தக்காரர்களைப் பார்த்துவிட்டு அதே பஸ்ஸில் சகாயராஜுக்கு முன் சீட்டில் வந்துகொண்டிருந்தார்.

வழியில் இரண்டு பைக்குகள் குறுக்கே நின்றன. பஸ் நின்றது. நாலைந்து பேர் ஏறி நேராக சகாயராஜிடம் வந்தார்கள். சட்டையைப் பிடித்து இழுத்தார்கள்.

"எறங்குடா. யார் புள்ளடா இது?"

"என் புள்ளைங்க. என் பொண்ணுங்க."

முதல் அடி இடது காதில் விழுந்தது. குழந்தை விழித்துக்கொண்டு "அம்மா!" என்று அலறியது. அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. பஸ்ஸில் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்கூட எழுந்துவிட்டார்கள்.

[இங்கே மூன்று பக்கம் அடியை எழுதியிருந்தேன். எழுதும்போது என் கை நன்றாக ஓடியது. அதனாலேயே எடுத்துவிட்டேன்.]

கமருன்னிஸா குழந்தையைப் பறித்துத் தன் புர்காவுக்குள் அணைத்துக்கொண்டார். அவருக்கும் அந்த வீடியோ வந்திருந்தது. அந்த ஆள் யாரென்று அவருக்கும் தெரியாது. "மொதல்ல விசாரிங்க. விசாரிக்காம ஏன் அடிக்கிறீங்க?" என்று கத்தினார்.

படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சகாயராஜ் கூவினார். "அக்கா, என் பொண்டாட்டி நம்பர் சொல்றேன், போடுங்கக்கா!"

அவர் சொல்லச் சொல்ல கமருன்னிஸா தன் போனில் நம்பரை அழுத்தி, வீடியோ கால் போட்டார். அக்னஸ் எடுத்தார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

இங்கே அருள்ஜோதி ஒரு விஷயம் சொன்னார். பழைய வீடியோ பக்கத்திலேயே தயாராக இருந்தது. பஸ்ஸில் அதைத் திறந்த ஒவ்வொரு போனிலும் நிற்காமல் ஓடியது. நேரலையில் பேசும் தாய்க்கு அப்படிச் சேமித்துவைத்த நகல் கிடையாது. அவள் ஒவ்வொரு நொடியும் கோடியக்கரையிலிருந்து கிளம்பி, வயல்காட்டு டவர் வழியாகப் புதிதாக வந்து சேர வேண்டும். சிக்னல் குறைந்தால் ஆப் முதலில் படத்தை விட்டுவிடும், குரலையாவது காப்பாற்றப் பார்க்கும்.

படம் வரவில்லை. குரல் வந்தது.

"ஹலோ? யாருங்க? பாப்பா? பாப்பா, அப்பா எங்கடி?"

புர்காவுக்குள்ளிருந்து குழந்தை போனைப் பார்த்துச் சொன்னது.

"அப்பாவ அடிக்கிறாங்கம்மா."

கமருன்னிஸா போனை உயர்த்திப் பிடித்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. சகாயராஜின் சட்டையிலிருந்து ஒரு கை விலகியது. அப்புறம் இன்னொன்று. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. இறங்கிப் போய் பைக்குகளை எடுத்துக்கொண்டார்கள். போலீஸ் ஜீப் எதிரே வந்தபோது பஸ் நகர ஆரம்பித்திருந்தது.

6

சகாயராஜுக்கு இடது காது இன்னும் சரியாகக் கேட்பதில்லை. அடித்தவர்களில் இருவர் மேல் வழக்கு நடக்கிறது. பஞ்சநதம் ஒரு தடவை வீட்டுக்கு வந்தார், வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனார். கமருன்னிஸா பெருநாளைக்குக் குழந்தைக்குத் துணி அனுப்புகிறார் [ ].

கதை இங்கே முடிந்திருந்தால் அருள்ஜோதி என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டார்.

குழந்தை இப்போது ஸ்கூலுக்குப் போகிறது. வகுப்புத் தாய்மார்களுக்கு ஒரு குரூப் உண்டு. அக்னஸும் அதில் இருக்கிறார். போன வாரம் அதில் ஒரு வீடியோ வந்தது. அதே வீடியோதான். இந்தத் தடவை வேறு ஊர்ப் பெயர். "ஸ்கூல் வாசல்ல ஜாக்கிரதையா இருங்க" என்று ஒரு தாய் நல்லெண்ணத்தில் அனுப்பியிருந்தார். அழும் முகம் மங்கலாக இருந்தது. யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. "ஐயோ பாவம்", "இவனையெல்லாம் ரோட்டுலயே அடிச்சுக் கொல்லணும்" என்று கீழே பதில்கள் வந்தபடி இருந்தன.

நான் இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் அக்னஸ் உண்மையைச் சொல்லிவிடுகிறார்: இது என் வீட்டுக்காரர், இது என் பொண்ணு. அனுப்பிய தாய் வீடியோவை எடுத்துவிடுகிறார். ஆனால் அன்றிலிருந்து வகுப்பில் அவர் மகள் 'அந்த வீடியோ பொண்ணு'. அதுவரை பார்க்காத தாய்மாரும் தேடிப் பார்ப்பார்கள். பார்க்கப் பார்க்க அது மறுபடி ஊருக்குப் பக்கத்தில் வந்து உட்காரும்.

இன்னொன்றில் அக்னஸ் பேசாமல் இருக்கிறார். வீடியோ அடுத்த குரூப்புக்குப் போகிறது. எங்கோ ஒரு பஸ்ஸில், தாடி மழிக்க நேரமில்லாத இன்னொரு தகப்பன்

[இதை முடிக்க முடியவில்லை.]

அக்னஸிடம் போனில் கேட்டேன், என்ன செய்தீர்கள் என்று. சொன்னார். எழுத வேண்டாம் என்றும் சொன்னார். "படிக்கிறவங்கள கேளுங்க சார், அவங்க என்ன எழுதுவாங்கன்னு. நான் அரை மணி நேரம் அத வச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்."

எனவே அந்த அரை மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். சமையலறையில் அக்னஸ். அடுத்த அறையில் தம்பியோடு சண்டை போட்டுக்கொண்டு [ ]. ஒரு வரி அடிக்கிறார், அழிக்கிறார், மறுபடி அடிக்கிறார். அவர் எழுதுவதை இன்னும் யாரும் பார்க்கவில்லை. ஆனால் வகுப்பின் எல்லாத் தாய்மாருடைய திரையிலும், குரூப் பெயருக்குக் கீழே, அது தெரிகிறது:

அக்னஸ் டைப் செய்கிறார்…