கயிற்றின் கீழ்முனை

தான் பாறை ஏறுவதைத் தெரிந்தவர்கள் யாராவது பார்க்க வேண்டும் என்று யூனிஸுக்கு ஆசை. அதற்காகத்தான் அவள் நாகலக்ஷ்மியைக் கூட்டிக்கொண்டு போனாள்.

இருவரும் மேற்குத் தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். யூனிஸுக்கு வீடு பீர்க்கன்கரணையில். நாகலக்ஷ்மி கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வருவாள். பல்லாவரத்துக்கு அப்பால், வெடிச்சத்தம் ஓய்ந்துபோன பழைய கல்குவாரி ஒன்றில், ஸ்ரீரங்கன் என்ற வங்கி அதிகாரி ஞாயிறுதோறும் பாறை ஏறக் கற்றுக்கொடுத்தார். எண்பத்தொன்பதாம் வருஷப் பொங்கல் கழிந்ததும் யூனிஸ் அதில் சேர்ந்தாள். வந்தவர்களில் அவள் ஒருத்திதான் பெண். அந்தப் பெருமையை அவள் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. ஒரே ஒரு குறை. பாறையின் நடுவில் தொப்பை மாதிரி புடைத்திருந்த இடத்தை அவளால் தாண்ட முடியவில்லை.

நாகலக்ஷ்மி, யூனிஸின் பழைய சுடிதாரை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தாள். யூனிஸ் வழக்கம்போலத் தொப்பை வரை போய், வழுக்கி, கயிற்றில் தொங்கி இறங்கினாள்.

"அம்மாடி, எவ்ளோ உயரம் போயிட்டடி!" என்று நாகலக்ஷ்மி கைதட்டினாள். அதோடு நின்றிருக்கலாம்.

"நீங்களும் ஏறிப் பாருங்களேம்மா," என்றார் ஸ்ரீரங்கன்.

நாகலக்ஷ்மி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஏறினாள். அவசரமே இல்லை. தொப்பைக்குக் கீழே நின்று, சமையலறை அலமாரியில் டப்பா தேடுகிறவள்போல அங்கும் இங்கும் பார்த்தாள். ஒரு காலைப் பக்கவாட்டில் வைத்தாள், எழுந்தாள், தாண்டிவிட்டாள்.

"பாத்தீங்களா, கையால தொங்காம கால்ல நிக்கிறாங்க. நான் தொண்டை கிழிய சொல்றது இதைத்தான்," என்றார் ஸ்ரீரங்கன்.

யூனிஸும் சிரித்தாள். வயிறு பற்றி எரிந்தது.

திரும்பும்போது ரயிலில், "ரொம்ப ஈஸியாத்தான் இருந்துது. நீ ஏண்டி அங்க மாட்டிக்கிற?" என்று கேட்டாள் நாகலக்ஷ்மி. கள்ளமில்லாத கேள்விதான். ஆனால் மீன்முள் மாதிரி யூனிஸின் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

அடுத்த சனிக்கிழமை, "நாளைக்கு கிளாஸ் இல்லடி, சார் ஊருக்குப் போறாராம்," என்றாள் யூனிஸ். மறுநாள் குவாரியில், "அவங்க வீட்ல விடல சார்," என்றாள். இரண்டு பொய்யும் வழுக்கிக்கொண்டு வந்தன. ஆனால் அன்று காலை முழுக்க எல்லோரும் நாகலக்ஷ்மியைப் பற்றியே பேசினார்கள். யூனிஸ் தொப்பைக்குக் கீழேயே வழுக்கினாள். இல்லாதவளிடமும் தோற்க முடியும் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. அதற்கடுத்த வாரமும் அதே பொய்களைச் சொன்னாள்.

ஸ்ரீரங்கன் நல்ல மனிதர். அதனால்தான் வம்பாயிற்று. பெண்ணின் அப்பாவிடம் பேசிப் பார்க்கலாம் என்று மனைவியையும் அழைத்துக்கொண்டு கூடுவாஞ்சேரிக்கே போய்விட்டார்.

மறுநாள் டைப் அடிக்க வந்த பெண்கள் கிளம்பும் வரை நாகலக்ஷ்மி காத்திருந்தாள். அப்புறம் கேட்டாள்: "நான் எப்பம்மா வேணாம்னு சொன்னேன்னு எங்கப்பா கேக்கறாரு. நான் என்னடி சொல்றது?"

யூனிஸ் ரிப்பன் டப்பாவை மூடினாள், திறந்தாள். "நீ மொத நாளே ஏறிட்ட."

"அவ்ளோதானா?"

"எனக்கு அது அவ்ளோதான் இல்ல."

நாகலக்ஷ்மி கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாகக் குவாரிக்கு வந்தாள். ஏறுகிறவர் இடுப்பில் கட்டிய கயிறு, உச்சியில் அடித்திருந்த இரும்பு வளையம் வழியாகக் கீழே வரும். அந்த முனையை ஒருவர் தன் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். யார் பிடிப்பது என்று ஸ்ரீரங்கன் கேட்டார்.

"யூனிஸே புடிக்கட்டும் சார்," என்றாள் நாகலக்ஷ்மி.

அவள் இந்த முறை வலப்பக்கத்துச் செங்குத்தில் ஏறினாள். அவள் மேலே போகப் போக யூனிஸ் தளர்ந்த கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தாள். விழட்டும் என்று மனம் சொன்னது. எல்லோரும் பார்க்க ஒரே ஒரு தடவை விழட்டும்.

விழுந்தாள்.

கயிறு யூனிஸின் இடுப்பை அறுத்து, அவளை இரண்டடி முன்னால் இழுத்தது. உள்ளங்கைத் தோல் உரிந்தது. குதிகாலை ஒரு கல்லில் முட்டுக்கொடுத்துப் பின்னால் சாய்ந்தாள். மேலே நாகலக்ஷ்மி ஊசலாடிக்கொண்டிருந்தாள்.

"புடிச்சிருக்கியா?" என்று கத்தினாள்.

"புடிச்சிருக்கேன். கால வை. மேல போ."

நாகலக்ஷ்மி மறுபடியும் ஏறி உச்சியைத் தொட்டாள். மற்றவர்கள் ஆரவாரம் செய்தபோது யூனிஸின் வயிறு பழையபடி எரிந்தது. உயிரைப் பிடித்துக் கொடுத்தாயிற்று, பொறாமையாவது போயிருக்கக் கூடாதா என்று அவளுக்கு அழுகை வந்தது.

யூனிஸின் முறை வந்ததும் நாகலக்ஷ்மி கயிற்றை வாங்கித் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டாள். தொப்பைக்குக் கீழே யூனிஸின் விரல்கள் வலுவிழந்தன.

"இடது கால். முட்டிக்குப் பக்கத்துல ஒரு பள்ளம் இருக்கு," என்றது கீழேயிருந்து குரல்.

அந்தக் குரலைக் கேட்பதைவிட விழுவதே மேல் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு காலை வைத்தாள். பள்ளம் இருந்தது. எழுந்தாள், தாண்டினாள்.

இறங்கி வந்ததும், "நீ சொல்லாம இருந்திருந்தாலும் நான் கண்டுபுடிச்சிருப்பேன்," என்றாள்.

"கண்டுபுடிச்சிருப்ப," என்றாள் நாகலக்ஷ்மி, முடிச்சை அவிழ்த்தபடி. "அடுத்த வாரம் நான் வாயே தொறக்க மாட்டேன், போதுமா?"

"தொறக்காதே."

"கைய காட்டு. ரத்தம் வருது பாரு."

யூனிஸ் கையைக் காட்டினாள்.