தீவில் இன்னொரு கல்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, என் தலையில் கட்டப்பட்டது. ஆளில்லாத தீவில் அறிவிப்புப் பலகை வைக்கப்போகிறார்களாம். துறைமுக அலுவலகம் தீவின் வரலாற்றைப் பத்து வரியில் கேட்டது.

'அலைகள் தாலாட்டும் அந்தத் தீவில்...' (அடித்துவிட்டேன். அலைகளுக்கு வேறு வேலை இல்லையா?)

'அக்காலத்தில் கப்பலில் காய்ச்சல் கண்டவர்களை இங்கே இறக்கிவிட்டார்கள். பிழைத்தவர்கள் கரைக்கு வந்தார்கள். மற்றவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள்.' ('தங்கிவிட்டார்கள்' உறுத்துகிறது. இருக்கட்டும்.)

2

தீவைப் பார்க்கப் போனபோது அக்காவும் வந்தாள். மீன்பிடிக்கப் போன அத்தானின் படகு மட்டும் கரை ஒதுங்கி மூன்று வருடமாகிறது.

கல்லறைகளில் பெயர் இல்லை. கப்பல் ஆடாமலிருக்க அடியில் ஏற்றும் பாரக்கல் ஒன்று ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் நடப்பட்டிருந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? படித்ததையெல்லாம் ஒப்பித்தேன்.

"சில கல்லுக்குக் கீழே ஒண்ணுமே இல்லக்கா. வழியிலேயே செத்து, கடல்ல விட்டவங்களுக்கும் கப்பல்காரங்க ஒரு கல் நட்டிருக்காங்க."

அக்கா ஒரு கல்லின் மேல் கை வைத்தாள்.

"அப்போ அவருக்கும் ஒண்ணு வைக்கலாம். உன் பத்து வரியில அவரையும் சேர்த்துடு."

"அது வரலாறுக்கா. அதுவுமில்லாம, அத்தான் செத்துட்டார்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலடா. மூணு வருஷமா வீட்ல ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறீங்க. நீயாவது எழுதேன்."

படகில் திரும்பும்போது வானிலையைப் பற்றிப் பேசினேன். கோழை.

3

இந்தக் கதைக்கு ஒரு முடிவு: அக்கா கல் நடுகிறாள், நான் மண் தள்ளுகிறேன். (பாதியில் நிறுத்திவிட்டேன்.)

இன்னொரு முடிவு: ஒரு மாலை அத்தான் வாசலில் நின்று, "டீ இருக்கா?" என்கிறார். இதை எழுதிவிட்டு ஒரு வாரம் சந்தோஷமாகத் திரிந்தேன். அக்கா படித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இதைத்தான் நான் தினமும் மனசுல எழுதிட்டிருக்கேன். வேற எழுது."

4

ஒன்பது வரி முடிந்தது. பத்தாவது இது: 'கடலோடு போனவர்களுக்கும் இங்கே கல் உண்டு. அவர்களில் ஒருவர்...'

அதற்கு மேல் கை ஓடவில்லை. அவர் எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். இதைப் படிக்கும் நீங்கள் அவரைப் பார்த்ததில்லை, அதனால் உங்களால் முடியும். அக்கா பக்கத்து அறையில் காத்திருக்கிறாள். அந்த வரியை எழுதி முடித்து, நீங்களே அவள் கையில் கொடுத்துவிடுங்கள்.