சட்டையைக் கழற்றாத பிள்ளை

தமிழனின் தோல் கிழிந்ததாகச் சரித்திரத்தில் எங்கும் குறிப்பு இல்லை என்று பார்த்தீபன் அறிவித்தான். பிளாக்ஹவுஸ் பே வீட்டுக் குசினியில், பாணுக்கு பட்டர் பூசிக்கொண்டே அறிவித்தான். அலகு குத்தியும் தீ மிதித்தும் பரம்பரையாகப் பதப்பட்ட தோல் அது. கடையில் விற்கும் ஒரு போத்தல் மெழுகுக்கு அது பதில் சொல்லக் கடமைப்பட்டதல்ல.

இவ்வளவும் தங்கை பிரணவிக்காகச் சொன்னது. அவள் புதிதாக வாங்கிய, மயிர் அகற்றும் வாக்ஸை முழங்கைக்குக் கீழே துளி இடத்தில் பூசி இழுத்துவிட்டு, கையை மேசையில் நீட்டி வைத்திருந்தாள். அந்த இடம் சிவக்கிறதா, தடிக்கிறதா என்று நாளைவரை பார்ப்பாளாம். பிறகுதான் காலுக்காம்.

"தோலிட்ட விசா கேட்டு வெயிட் பண்ணுறியோடி?"

"அலர்ஜி வந்தா நீயா சொறிவாய்?" என்றாள் பிரணவி. "அண்ணா, நீ அந்தப் பிம்பிள் க்ரீமைத் தோள், முதுகு எல்லாம் போடுறாய் என்ன? அது போடுற ஆக்கள் வாக்ஸ் பண்ணவே கூடாது. ஸ்கின் கழண்டு வரும். நல்ல இடங்களில என்ன மருந்து எடுக்கிறீங்கள் எண்டுதான் முதல் கேப்பினம்."

பார்த்தீபனுக்குச் சிரிப்பில் பாண் புரையேறியது. "சுகர் இருக்கோ, பிரஷர் இருக்கோ, காயம் இருக்கோ? மயிர் புடுங்க வந்தனீங்களோ, இருதயம் மாத்த வந்தனீங்களோ?"

சிரித்தவன் கண் மட்டும் அந்தப் போத்தலிலேயே இருந்தது. காரணம் போன வருஷத் திருவிழா. கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். கழற்றி நின்ற பார்த்தீபனின் மயிரடர்ந்த முதுகை யாரோ பின்னாலிருந்து படமெடுத்து நண்பர்களின் வாட்ஸ்அப்பில் போட, வெற்றி என்ற நண்பன் அதன் கீழே கேட்டிருந்தான்: "மச்சான், இது உன்ர முன்பக்கமோ, பின்பக்கமோ?" எல்லாரும் சிரித்தார்கள். பார்த்தீபனும் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டான். அதற்குப் பிறகு அவன் கடலில் குளிக்கவே போகவில்லை.

இந்த வருஷம் சும்மா நின்று கும்பிட்டுவிட்டு வரவும் வழியில்லை. சுவாமி வீதி சுற்றும்போது வாகனத்தைத் தூக்கும் முன்கொம்பை அப்பா தவராசாவும் அவனும் தோளோடு தோள் தாங்குவதாக ஏற்பாடு. மகனுக்குத் தோள் எட்டும்வரை காத்திருந்த மனிதர், வேலையிடத்துச் சமோவாக்காரருக்குக்கூடச் சொல்லி வைத்திருந்தார்.

ஆகவே சனிக்கிழமை எல்லாரும் ஒடாஹுஹு சந்தைக்கு மரக்கறி வாங்கப் போன நேரம், பார்த்தீபன் வாக்ஸை மைக்ரோவேவில் கொதிக்க வைத்தான். பதப்பட்ட தோலுக்குச் சூடு பார்ப்பானேன்? வலது தோளில் தாராளமாகப் பூசி, துணியை ஒட்டி, பல்லைக் கடித்து இழுத்தான். தோல் வந்தது. மயிர்தான் பாதிக்கு மேல் அங்கேயே நின்றது.

இடது தோள் தப்பியது. அதற்குத் துணிச்சல் மிஞ்சியிருக்கவில்லை.

திருவிழா அன்று மாசி வெயிலில் கோயில் வீதியே ஆவி பறந்தது. தவராசா வேட்டிக்கு மேல் சால்வையை இடுப்பில் வரிந்து கட்டி நின்றார். அவர் நெஞ்சிலும் தோளிலும் மயிர் அடர்ந்திருந்ததால் சந்தனம் தோலைத் தொடவே வழியில்லை. மேலேயே காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

"சேட்டைக் கழட்டு தம்பி. சாமி வெளிக்கிடப் போகுது."

"குளிருது அப்பா."

ஆட்களை ஒழுங்குபடுத்திய மகேசன் திரும்பிப் பார்த்தார். "என்ன தவராசா அண்ணை, பெடியன் இன்டர்வியூவுக்கோ வந்தவன்? சேட்டோட கொம்பு குடுக்க ஏலாது."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். தவராசா சிரிக்கவில்லை. மகனை மட்டும் பார்த்து, மெல்லிய குரலில் சொன்னார்: "விருப்பமில்லையெண்டால் வீட்டிலயே சொல்லியிருக்கலாம்."

அதைத்தான் பார்த்தீபனால் தாங்க முடியவில்லை. அவரைச் செருப்புகள் குவிந்திருந்த மூலைக்குக் கூட்டிப்போய்ச் சட்டையைத் தோளிலிருந்து இறக்கினான். துணி புண்ணில் ஒட்டியிருந்தது.

"ஆரடா அடிச்சது?"

அடி வாங்கியவனாக இருந்தால் எவ்வளவு மரியாதையாக இருந்திருக்கும். "ஒருத்தரும் இல்லை. வாக்ஸ் பண்ணினனான்."

"ஏன்?"

"அசிங்கமா இருக்கெண்டு."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது உறைத்தது. தவராசா மகனின் தோளைப் பார்த்தார். பிறகு தன் தோளைப் பார்த்தார். அதே இடம், அதே சுழி. இடுப்பில் இருந்த சால்வையை அவிழ்த்து, இரண்டு தோளையும் மூடிப் போர்த்துக்கொண்டார். சாமிக்கு முன்னால் போர்த்துக்கொண்டு நிற்பவர்களை வாழ்நாள் முழுக்கத் திட்டியவர் அவர்.

மகேசன் கூப்பிட்டபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு நாரி நோகுது, வேற ஆக்களைப் பிடியுங்கோ" என்றார். சுவாமி வேறு தோள்களில் சுற்றி வந்தது. இருவரும் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்று கும்பிட்டார்கள்.

வீட்டில் பிரணவி புண்ணைக் கழுவி மருந்துத் துணி வைத்துக் கட்டினாள். ஒரு நக்கல்கூடச் சொல்லவில்லை. மருந்தைவிட அதுதான் எரிந்தது.

அவள் போனதும் தவராசா வந்து கட்டிலில் இருந்தார். வீட்டில் சாரத்தோடு மட்டும் திரிகிற மனிதர் இன்று டீசேட் போட்டிருந்தார்.

"தம்பி, இதை ஒழுங்காச் செய்யிற இடம் இருக்காமே. நானும் ஒருக்காப் போகட்டோ?"

"உங்களுக்கு ஏன் அப்பா?"

"ரெண்டும் ஒரே மயிர்தானே. உனக்கு வெக்கமெண்டால்..."

உங்களைச் சொல்லவில்லை அப்பா என்று சொல்லத்தான் பார்த்தீபன் வாயைத் திறந்தான். அது வரவில்லை. "நீங்கள் சுகருக்குக் குளிசை போடுறீங்கள் என்ன?" என்பதுதான் வந்தது.

"ஓம்."

"ரத்தம் கட்டாமல் இருக்கவும் ஒண்டு?"

"அதுவும்தான். காலமையில."

"அப்ப டொக்டரைக் கேக்காமல் செய்யக் கூடாது. காயம் வந்தால் உங்களுக்கு லேசில ஆறாது."

தவராசா கிளினிக்கில் இருப்பவரைப் போலப் பணிவாகத் தலையாட்டினார்.

பார்த்தீபன் தரையைப் பார்த்துக்கொண்டு, கேட்டதா கேட்கவில்லையா என்ற குரலில் அடுத்ததைக் கேட்டான். "தோலில காயம், சொறி ஏதும் இருக்கோ?"

"எனக்கெப்பிடி முதுகு தெரியும்? நீ பார்." அவர் டீசேட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பி இருந்தார்.

பார்த்தீபன் விரலால் மயிரை விலக்கி விலக்கிப் பார்த்தான்.