ஈரம் காயாத ரிப்பன்

விடிய இன்னும் நேரமிருந்தது. குளிரறையிலிருந்து இறக்கிய வெள்ளைச் செவ்வந்திக் கட்டுகளைச் சுன்ரே தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினாள். மே மாதத்திலும் அந்தத் தண்ணீரில் விரல்கள் மரத்துப் போயின. தண்டை ஒரு சாண் அளவில் வெட்டி, பச்சை நுரைக்கட்டியில் சாய்வாகக் குத்தி, கம்பியால் இறுக்க வேண்டும். ஆளுயர மலர்வளையம் ஒன்றுக்கு நூற்றிருபது பூக்கள். அப்படி முப்பத்தெட்டு வளையங்கள் ஒன்பது மணிக்குள் கல்லறைத் தோட்டத்தில் நின்றாக வேண்டும்.

தென்கொரியாவின் குவாங்ஜு நகரத்தில் மே பதினெட்டு விடுமுறை. எண்பதாம் வருடம் பட்டாளத்து ஆட்சியை எதிர்த்து, ஜனநாயகம் கேட்டு ஊரே எழுந்த நாள். மாநகராட்சி அலுவலகங்களைப் பூட்டிவிடுவார்கள். பியோ முதலாளியின் பூக்கொட்டகைக்கு மட்டும் வருடத்திலேயே அன்றுதான் தலைக்குமேல் வேலை.

சுன்ரேயின் அண்ணன் தொக்சூ அந்த மேயில்தான் செத்தான். ரொட்டிக்கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தவன். அடிபட்டுக் கிடந்த யாரோ ஒருவனை முதுகில் சுமந்து ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது குண்டு பாய்ந்தது. தான் சுமந்தவனுடைய பேர்கூட அவனுக்குத் தெரியாது. சுன்ரேக்கு அப்போது பன்னிரண்டு வயசு. இந்தக் கொட்டகைக்கு வந்த பத்தொன்பது வருடத்தில் ஒருமுறைகூட, பத்து மணிக்கு எல்லோரும் சேர்ந்து தலை குனியும் நேரத்தில் அவள் அண்ணன் பக்கத்தில் நின்றதில்லை. பெரிய மனிதர்களின் வளையங்கள் வாடத் தொடங்கிய பிறகு, சாயங்காலம் போய் நிற்பாள்.

இந்த வருடம் முதலாளி அரை நாள் லீவு கொடுத்துவிட்டார். அதற்கு அவள் கொடுத்த விலை மற்ற பெண்களுக்குத் தெரியாது.

எதிரே லான் இடது கையால் இலைகளை உருவிக்கொண்டிருந்தாள். வியட்நாமிலிருந்து கலியாணமாகி வந்தவள். வலது கையில் கட்டு. ஒன்பது நாளைக்கு முன்னால் தண்டு வெட்டும் எந்திரம் அவளுடைய ஆள்காட்டி விரலின் முனையைக் கொண்டுபோய்விட்டது. வேலை வேகமாக நடக்கட்டும் என்று எந்திரத்தின் காப்புத் தகட்டைக் கழற்றி வைத்தவர் முதலாளி. இழப்பீட்டு அலுவலகம் விசாரிக்க ஆரம்பித்ததும் அவர் சுன்ரேயைத் தனியாகக் கூப்பிட்டார். லான் விரலை வீட்டுச் சமையலறையில் வெட்டிக்கொண்டதாகத் தன்னிடம் சொன்னாள் என்று சுன்ரே எழுதித் தர வேண்டும். நீ மாதா கோயிலுக்குப் போகிறவள், உன் பேச்சை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்றார். பதினெட்டாம் தேதி அண்ணனைப் பார்க்கப் போய்க்கொள் என்றும் சொன்னார். அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அன்றிலிருந்து ஜெபமாலையைத் தொட அவளுக்குக் கூசியது.

ஏழு மணிக்குச் சுன்ரே தூக்குப்பாத்திரத்தைத் திறந்தாள். எள்ளெண்ணெயும் உப்பும் போட்டுப் பிடித்த சோற்று உருண்டைகள். அண்ணன் செத்த அந்த வருடம் தெருவில் நின்று போராடிய பிள்ளைகளுக்குச் சந்தைப் பெண்கள் பிடித்துக் கொடுத்த அதே உருண்டை. கொட்டகையில் வேலை பார்க்கும் ஐந்து பெண்களும் கவிழ்த்த வாளிகளில் உட்கார்ந்தார்கள். லானின் கட்டு நனையாமலிருக்கச் சுன்ரே அவளுக்கு ஊட்டிவிட்டாள்.

லான் மேலங்கிக்குள்ளிருந்து ஒரு சின்னப் பூச்செண்டை எடுத்தாள். ஒடிந்து ஒதுக்கிய பூக்கள். ஒரு கையாலேயே கட்டியதில் கோணல்மாணலாக இருந்தது.

"அக்கா, உங்க அண்ணனுக்கு. என்னால இவ்வளவுதான் முடிஞ்சுது. எனக்காகவும் ஒரு கும்பிடு போட்டுடுங்க."

சுன்ரே கையிலிருந்த உருண்டையைக் கீழே வைத்தாள். அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

வளையங்களின் ரிப்பனில் பேர் எழுதும் போக்சிம் நாக்கு நீண்டவள். "அரை நாளுக்கு ஒரு விரலா? ரொம்பச் சல்லிசாப் போயிருக்கே அக்கா."

மற்ற இருவரும் வேறு பக்கம் பார்த்தார்கள். லான் கைக்கட்டைத் தடவினாள்.

"நீங்க பயந்தீங்க. நானும் பயந்துதானே வாயை மூடிட்டிருந்தேன்," என்றாள். "எங்க வீட்டுக்காரரும் பேசாம இருன்னுதான் சொன்னாரு."

வைதிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று சுன்ரேக்குத் தோன்றியது.

முதலாளி வந்ததும் அவள் எதிரே போய் நின்றாள்.

"அந்தத் தாளைக் குடுத்துடுங்க முதலாளி. நான் எழுதினது பொய்."

"அது அலுவலகத்துக்குப் போய் ரெண்டு நாளாச்சு. கையெழுத்துன்னா விளையாட்டா போச்சா உனக்கு?"

"எனக்கு லீவு வேணாம்."

"வேணாம்னா உக்காந்து வேலையப் பாரு."

போக்சிம் தூரிகையைத் தூக்கி வைத்தாள். "அப்ப யாருமே பார்க்கல. வளையம் போகாது."

பியோ கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நிறுத்துங்க. யாருக்குப் போற பூ இது? உங்க ஊர்ல செத்தவங்களுக்கு. சுன்ரேயோட அண்ணனுக்கு. வர்றவங்க வெறும் மண்ணைக் கும்பிட்டுட்டுப் போகட்டும்னு நீங்களே சொல்லுங்க, லாரியத் திருப்பி அனுப்பிடறேன்."

முதலில் குனிந்தது சுன்ரேதான். ஒரு பூவை எடுத்துக் குத்தினாள். பிறகு மற்றவர்களும் குனிந்தார்கள். செத்தவர்களுக்கான பூவைக் கைகளால் நிறுத்த முடியவில்லை. அது அந்த மனிதருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

எட்டரைக்கு முப்பத்தெட்டாவது வளையம் லாரியில் ஏறியது. வளையம் ஒவ்வொன்றிலும் இரண்டு ரிப்பன்கள்: ஒன்றில் அஞ்சலி, மற்றதில் அனுப்பியவர் பேர். மந்திரி, வங்கி, சங்கத் தலைவர் என்று எத்தனையோ பேர்களைப் போக்சிம் எழுதியிருந்தாள். கட்டியவர்களின் பேர் ஒருநாளும் எழுதப்பட்டதில்லை.

ரிப்பன் சுருளிலிருந்து அவள் புதிதாக ஒரு நீளமான துண்டைக் கிழித்தாள். "சொல்லுங்க அக்கா. மெதுவா சொல்லுங்க."

சுன்ரே சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். லானின் விரல் இந்தக் கொட்டகையில், காப்புத் தகடு இல்லாத எந்திரத்தில், எங்கள் கண்ணெதிரே வெட்டுப்பட்டது. முன்பு நான் எழுதிக் கொடுத்தது பொய். சுன்ரே. அதன் கீழே போக்சிம் தன் பேரை எழுதினாள். தூரிகை கைமாறியது. நான்காவது பேரும் விழுந்தபின் லான் இடது கையால், தன் தாய்மொழி எழுத்தில், ஐந்தாவது பேரை எழுதினாள். ரிப்பனைத் தூக்கிக்கொண்டு ஐந்து பேரும் லாரிப் பக்கம் நடந்தார்கள்.

"லாரில ஏறினா மறுபடி இங்க வர வேணாம்," என்றார் பியோ. "மதியத்துக்குச் சாவு வீட்டு ஆர்டர் பத்து இருக்கு. எனக்கு வேற ஆள் கிடைக்காதா?"

கிடைப்பார்கள். அது எல்லோருக்கும் தெரியும். சுன்ரே மீதியிருந்த ஒரு உருண்டையைக் காகிதத்தில் வைத்து அவரிடம் நீட்டினாள். "காலைலேர்ந்து நீங்களும் சாப்பிடல முதலாளி." அவர் அதை வாங்கிக்கொண்டு நின்றார்.

லாரிக்காரர் ஒன்றும் கேட்காமல் பின்கதவைத் தாழ்த்தினார். வளையங்களுக்கு நடுவே ஐந்து பேரும் ரிப்பனை ஆளுக்கொரு இடத்தில் பிடித்து, மை கலையாமல் விரித்தபடி உட்கார்ந்தார்கள். நாளைக்கு அடுப்பெரியுமா என்று ஒவ்வொருத்தியும் தனக்குள் நினைத்தாள். யாரும் இறங்கவில்லை.

மணி பத்தடித்தபோது தொக்சூவின் கல்லறை மேட்டுப் புல்லில் ரிப்பன் நீளமாகக் கிடந்தது. காற்றில் பறக்காமலிருக்க இரண்டு முனையிலும் கூழாங்கல். கோணல் பூச்செண்டைச் சுன்ரே தலைமாட்டில் வைத்தாள். அவர்கள் ஐந்து பேரும் குனிந்தார்கள். அண்ணே, இதையும் கொஞ்சம் சுமந்துக்கோ என்று சுன்ரே மனசுக்குள் கேட்டுக்கொண்டாள்.

"அந்த இழப்பீட்டு ஆபீஸ் இன்னைக்குத் திறந்திருக்குமா அக்கா?" என்று லான் மெல்லக் கேட்டாள்.

"மாநகராட்சிக்குத்தான் லீவு. அது மத்திய அரசாங்க ஆபீஸ். ஆறு மணி வரைக்கும் இருக்கும்."

"நம்மள நம்புவாங்களா?"

சுன்ரேக்குத் தெரியவில்லை. குனிந்து ஐந்தாவது பேரை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கு," என்றாள். "காயட்டும். எல்லாரும் சேர்ந்தே போவோம்."