தொண்ணூற்று நாலு

கோயம்புத்தூரில் கைநிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த பெண், வேலையை விட்டுவிட்டுச் சுருளிப்பட்டிக்குத் திரும்பி மறுபடியும் புத்தகத்தைத் தூக்கினால் ஊர் சும்மா இருக்குமா? வேல்விழியை யாரும் நேரில் கேட்கவில்லை. அவள் அப்பா கோட்டைச்சாமியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். வயசு இருபத்துமூணு ஆச்சே, மாப்பிள்ளை பார்க்காமல் இன்னும் என்ன படிப்பு என்று பங்காளிகள் டீக்கடையில் வைத்தே கேட்டார்கள்.

"வார தைப்பொங்கலுக்குள்ள எம் மக எங்கன போயி நிக்கிறாள்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு அவர் டீயைக் குடித்து முடித்தார்.

கேட் தேர்வு என்பது ஐ.ஐ.எம். எனப்படும் நாட்டின் பெரிய மேலாண்மைக் கல்லூரிகளுக்குள் நுழைவதற்கானது. அதில் மூன்று பகுதிகள். கணக்கு, அட்டவணைகளைப் பார்த்துப் போடும் கணக்கு, இங்கிலீஷ். முதல் இரண்டும் வேல்விழிக்குத் தண்ணீர் பட்ட பாடு. மூன்றாவதுதான் கழுத்தை அறுத்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள். திராட்சைப் பந்தலுக்கு நடுவே இருந்த மோட்டார் ரூமில் உட்கார்ந்துகொண்டு, கம்பத்திலிருந்து காலை பஸ்ஸில் வரும் இங்கிலீஷ் பேப்பரோடு மல்லுக்கட்டினாள். தெரியாத சொல்லையெல்லாம் எழுதிச் சுவரில் ஒட்டினாள். சுவர்தான் நிறைந்தது. ஞாயிறுதோறும் மதுரைக்குப் போய் மாதிரித் தேர்வு எழுதினாள். கொடுத்திருக்கும் விடைகளில் இரண்டைத் தவிர மற்றவை தப்பென்று உடனே தெரிந்துவிடும். அந்த இரண்டில் எது சரி என்பதில்தான் வினை. அவள் தொட்டதெல்லாம் தப்பாகவே இருந்தது, ஒவ்வொரு தப்புக்கும், எடுத்து வைத்திருந்த மார்க்கிலிருந்தும் பிடுங்கிக்கொண்டார்கள்.

நவம்பரில் தேர்வு எழுதினாள். ஜனவரியில் கம்பத்து நெட் சென்டரில் முடிவைப் பார்த்தாள். கணக்கில் தொண்ணூற்று ஒன்பது. இங்கிலீஷில் ஐம்பத்திரண்டு. மொத்தத்தில் தொண்ணூற்று நாலு. அது மார்க் இல்லை. எழுதிய நூறு பேரில் தொண்ணூற்று நாலு பேரை முந்தியிருக்கிறாள் என்று அர்த்தம். ஆனால் ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியாக ஓர் அளவைத் தாண்டினால்தான் கல்லூரி கூப்பிடும். இங்கிலீஷில் அவள் தாண்டவில்லை. எந்தக் கல்லூரியும் கூப்பிடவில்லை. முழுசாக ஒரு வருடம் மண்ணாய்ப் போயிற்று. பழைய வேலைக்குத் திரும்பவும் வழியில்லை. இருக்கிறவர்களையே கம்பெனி வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது.

செல்போன் அடித்தது. அப்பா.

"எம்புட்டு ஆத்தா?"

"தொண்ணூத்தி நாலுப்பா. ஆனா..."

"நூத்துக்கா?"

"நூத்துக்குத்தான். ஆனா அது மார்க்கு இல்லப்பா, அது வந்து..."

அந்தப் பக்கம் லாரியில் திராட்சைப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போனைக் கையில் பிடித்தபடியே அவர் அங்கே இருந்தவர்களிடம் சொல்வது அவளுக்குக் கேட்டது. "தொண்ணூத்தி நாலாம்ல. நூத்துக்கு."

வீட்டுக்குப் போனால் அம்மா பஞ்சம்மாள் பணியாரம் சுட்டு வைத்திருந்தாள். சாப்பிட்டதும் சொல்லிவிடலாம் என்று வேல்விழி நினைத்தாள். பிறகு, காலையில் சொல்லலாம் என்று நினைத்தாள். காலையில் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாட்டை முணுமுணுத்துக்கொண்டே தோட்டத்துக்குக் கிளம்பினார். ஒரு வருடமாக அவர் முகத்தில் காணாத சிரிப்பு அது. அதைக் கெடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. கோழைத்தனம்தான், அதற்கு வேறு பெயர் கிடையாது. அப்படியே நாலு நாள் ஓடிவிட்டது.

நம் பக்கத்தில் காதுகுத்துக்கும் ஃபிளெக்ஸ், சடங்குக்கும் ஃபிளெக்ஸ், புது டிராக்டர் வாங்கினாலும் ஃபிளெக்ஸ். பொங்கலுக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாப்பில், ஆலமரத்தையே மறைக்கிற அளவுக்கு ஒன்று எழுந்து நின்றது. நடுவில் இரட்டைச் சடையோடு வேல்விழியின் பிளஸ் டூ போட்டோ. '100க்கு 94 எடுத்து ஐ.ஐ.எம். செல்லும் எங்கள் குலவிளக்கே!' கீழே வாழ்த்துகிறவர்களின் படங்கள் வரிசையாக இருந்தன. டீக்கடையில் கேள்வி கேட்ட பங்காளிகள்தான் முதல் வரிசை. பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் எல்லாம் நின்று படித்துவிட்டுப் போனார்கள்.

அவள் நேரே தோட்டத்துக்கு ஓடினாள். அப்பாவை மோட்டார் ரூமுக்குள் கூட்டிக்கொண்டு போய், நூறு பேர் கணக்கையும் ஐம்பத்திரண்டையும் ஒன்று விடாமல் சொன்னாள். கோட்டைச்சாமி சுவரில் ஒட்டியிருந்த காகிதங்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப பெயிலா?"

"பாஸு பெயிலு எல்லாம் இல்லப்பா. எடம் கெடைக்கல." அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "போர்டக் கழட்டிருவோம்ப்பா. எல்லார்ட்டயும் நானே சொல்லிக்கிறேன்."

"கழட்டுனா ஏன்னு கேப்பாக."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். பிறகு, "அந்தக் காலேசு எப்பத் தொறப்பாக?" என்றார்.

"ஜூன்ல."

"எத்தன வருசம்?"

"ரெண்டு."

"அப்ப ஜூன்ல கெளம்பிரு ஆத்தா. மெட்ராசோ பெங்களூரோ, எங்கிட்டாச்சும் போயி ஒரு வேலயத் தேடிக்க. வடக்க படிக்கிறாள்னு நான் சொல்லிக்கிறேன். ரெண்டு வருசம் கழிச்சு வா."

"நல்லது பொல்லதுக்குக் கூட வரக் கூடாதாப்பா?"

"வந்தா படிப்பப் பத்தித் தோண்டித் தோண்டிக் கேப்பாக. லீவு குடுக்க மாட்டாகன்னு சொல்லிருவேன். ஒங்க அம்மாவுக்கும் தெரிய வேணாம். அவ அழுதே காட்டிக் குடுத்துருவா."

திட்டியிருந்தால் வேல்விழி தாங்கியிருப்பாள். கை நீட்டியிருந்தாலும் தாங்கியிருப்பாள். அவர் கோபமே இல்லாமல், தண்ணீர் பாய்ச்ச முறை பிரித்துக் கொடுப்பதுபோல நிதானமாகச் சொன்னார். சொந்த வீட்டுக்கு வர ரெண்டு வருடத்துக்குத் தடை போட்டுவிட்டு, அது அவளுடைய நன்மைக்குத்தான் என்று அவர் மனசார நம்பினார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இருவரும் வெளியே வந்தார்கள். பழம் வெட்ட வந்த மொக்கம்மாள் கத்தரிக்கோலோடு பந்தலுக்கடியில் நின்றிருந்தாள்.

"பஸ் ஸ்டாப்புல பாத்தேன்ணே. மகளுக்கு எப்பப் பயணம்?"

"ஜூன்ல" என்று சொல்லிக் கோட்டைச்சாமி சிரித்தார்.